செபாஸ்தியம்மாளின் எட்டடித் தொட்டி

என் பெரியம்மா செபாஸ்தியம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டப்போவதாகச் சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி, "ஒனக்கென்ன பைத்தியமா?" என்பதுதான். இதை மறைத்து நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

அது 1983. மழை ஏமாற்றிய வருடம். திண்டுக்கல்லில் குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காக மற்ற வேலைகளை எல்லாம் ஒத்திவைத்துக்கொண்டிருந்தோம். நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கிளார்க். முப்பத்திரண்டு வயதில் பெரியம்மாவோடு அதே வீட்டில் இருந்தேன். எனக்கு இருந்தது ஒரே ஆசை. மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட வேண்டும். முப்பத்தைந்து வருடம் ஊர் ஊராகச் சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்த்துச் சேர்த்த காசைப் பெரியம்மா குழி தோண்டி அதில் போடப் போகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாததை அவள் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவளுக்கு ஏன் அந்தக் குளம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேடசந்தூருக்கு வடக்கே எங்கள் பூர்வீக ஊர். பெயர் வேண்டாம், அந்த மாதிரி ஊர்கள் நிறைய இருந்தன. அங்கே பெரிய வீட்டுக்காரருக்கு ஆழமான ஒரு தோட்டத்துக் கிணறு. ஊர்ப் பையன்கள் நாளெல்லாம் அதில் குதித்துக் கும்மாளம் போடுவார்கள். எங்கள் சேரிப் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், கிணற்றடியில் யாரும் இல்லாத நேரம், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்துவிட்டாள். கண்மாயில் நீந்தப் பழகியவள் என்பதால் பயமில்லை. மூன்றாவது முறை முங்கி எழுந்து மேலே பார்த்தபோது கிணற்றைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள்.

யாரும் அவளை அடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டச் சொன்னார் பெரிய வீட்டுக்காரர். மாடு கட்டி இறைக்கும் கமலையை ஓட்டும் வேலையை அவளுடைய அப்பாவிடமே கொடுத்தார். இரண்டு நாள் அவர் ஓட்டினார். பயிருக்குக்கூட அந்தத் தண்ணீரைப் பாய்ச்சவில்லை, வண்டிப்பாதையில் விட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அவளைத் திட்டவும் இல்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கிறிஸ்தவச் சாமியார்களின் விடுதிப் பள்ளியில் சேர்ந்து, நர்சுக்குப் படித்து, அதே ஊரின் பெரிய வீட்டுப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கும் அளவுக்கு அவள் வந்துவிட்டாள். பிள்ளை குறுக்கே நின்றால் அவள் தொடலாம். அந்தத் தண்ணீரை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

"குதிக்கணும் செல்வி. குதிச்சப்பறம் எவனும் அதை எறைச்சுக் கொட்டக் கூடாது. அம்புட்டுத்தான்" என்றாள் நாலாவது நாள். அதற்கு மேல் நான் மாடியைப் பற்றிப் பேசவில்லை.

திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் வீட்டில் நீச்சல் குளம் கட்டிப் பழகிய ஆள் யாரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர் ராயப்பராஜ் மேஸ்திரி. தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்க்கும் கட்டியவர். குழிதானே, எந்தக் குழியாக இருந்தால் என்ன என்று துணிந்து வந்துவிட்டார். செங்கல் கட்டிப் பூசிவிட்டால் செலவு குறையும் என்றார். பெரியம்மா வேண்டாம் என்றாள். அப்படியானால் கருங்கல், கிணறு மாதிரி ஆயுசுக்கும் நிற்கும் என்றார். கிணறு என்ற சொல் வந்ததுமே அதுவும் அடிபட்டுப் போனது. கல்லுக்குக் கல் இடுக்கு இருக்கும், இடுக்கு உள்ள எதுவும் தனக்கு வேண்டாம், அடியும் சுவரும் ஒரே கட்டாகக் கம்பி கட்டிக் கான்கிரீட்டில் வேண்டும் என்றாள். சினிமாவில் பார்த்த மாதிரி வளைத்து நெளித்துப் போடலாமா என்று ஆசையாகக் கேட்டார் மேஸ்திரி. நீளவாக்கில் நேராகப் போட்டால் போதும் என்று முடித்துவிட்டாள். இருபதடி நீளம், பத்தடி அகலம்.

ஆழத்தில்தான் சண்டை வந்தது. வயசான காலத்தில் குளிப்பதற்கு நாலடி தாராளம் என்றார் அவர். ஒரு பக்கம் நாலடி இருக்கட்டும், மறுபக்கம் எட்டடி என்றாள் அவள். எட்டடிச் சுவர் மண்ணைத் தாங்க வேண்டும், கம்பி கூடும், கனம் கூடும், ஒரு பொம்பளை முங்கிப் போனால் யார் பதில் சொல்வது என்று அவர் அடுக்கினார். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாலடித் தொட்டியில் குதித்தால் கால்தான் முறியும், எட்டடி போட முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றாள். மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு எட்டடிக்குக் கணக்குப் போட்டார்.

வேலை நடந்தபோது தினமும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். மணலை உள்ளங்கையில் தேய்த்து மண் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். பிரசவ அறையில் இருந்த அதே கவனம். கான்கிரீட் போட்ட பிறகு சுவரில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அடியில் தண்ணீரை நிறுத்தி வைத்தார்கள். ஒரு வாரமாக ஊற்றுகிற தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று அவள் கேட்டாள். வெயிலில் பாதி போகும், மீதியை சிமெண்டு குடிக்கும் என்றார் மேஸ்திரி.

"குடிச்ச தண்ணிய எப்ப வெளிய விடும்?"

"விடாதும்மா. அது உள்ளயே கல்லாப் போயிரும். இடிச்சாலும் பிரிக்க முடியாது."

அவள் இன்னொரு முறை அதையே சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

தெரு சும்மா இருக்குமா? நர்சம்மா சினிமாக்காரி ஆகிவிட்டாள் என்றார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கூத்தடிக்கிறாள் என்றார்கள். இந்த இரண்டாவது பேச்சில் நியாயம் உண்டு, நானே அதைச் சொன்னவள்தான். எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் பருப்பு வேகாத சப்பைத் தண்ணீர் என்றாலும் துவைக்க, கழுவத் தெருவே அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா ஒரு சட்டம் போட்டாள். காலையில் தெருவின் கடைசிக் குடம் நிறைந்த பிறகுதான் தொட்டிக்கு மோட்டார் ஓடும், அதுவும் அரை மணி நேரம். தொட்டி நிறைய இரண்டு மாதம் ஆனது. ஒருநாள்கூட அவள் சட்டத்தை மீறவில்லை.

தொட்டிக்கு எதிராக நகராட்சியில் மனுப் போட்டது தெருக்காரர்கள் இல்லை, பக்கத்து மனைக்காரர் வீரப்பன். புகையிலை மண்டி வைத்திருந்தார். அந்தப் பெரிய வீட்டுக்காரரின் மகன். ஊரில் நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தவர், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் மனையை வாங்கி அஸ்திவாரமும் போட்ட பிறகுதான் எங்களைத் தெரிந்துகொண்டார். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து தொட்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். சொந்தக் கிணற்றுத் தண்ணீரில் சொந்த வீட்டில் குளிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றாள் பெரியம்மா. அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், டெய்லரிடம் தைத்து வைத்திருந்த முழங்கால் டிரவுசரையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. பக்கத்துக் கட்டடத்துச் சாரத்தில் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். அவள் எட்டடிப் பக்கத்துச் சுவரில் ஏறினாள், மூக்கைப் பிடித்தாள், குதித்தாள்.

வெகு நேரம் வெளியே வரவில்லை. நான் அலறிக்கொண்டு ஓடியபோது மறுபக்கத்தில் தலை தெரிந்தது. இருமினாள், மூச்சு வாங்கினாள். அண்ணாந்து சுற்றிலும் பார்த்தாள். சாரத்தில் நின்றவர்களைத் தவிர யாரும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி முங்கினாள். அன்றைக்கு நான் அழுதேன். மாடி அறைகளுக்காக இல்லை.

அதிலிருந்து தினமும் காலையில் குதித்தாள். ப்ளீச்சிங் பவுடரை அளந்து போட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.

அடுத்த வருடமும் கோடை மழை வரவில்லை. அந்த மே மாதம் வீரப்பன் மேல் தளம் போட்டார். அவருக்கும் ராயப்பராஜ்தான் மேஸ்திரி. லாரியில் தண்ணீர் வாங்கிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். தளம் போட்டு முடித்த அன்று, லாரித் தண்ணீர் இனிக் குடிப்பதற்கு மட்டும்தான் என்று உத்தரவு வந்தது. வீரப்பன் போட்ட போர்வெல் ஏற்கெனவே வறண்டு கிடந்தது. மறுநாள் பத்து மணி வெயிலுக்கே தளத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியது. மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். பதினாலு நாள் தளத்தில் தண்ணீர் நிற்காவிட்டால் அவ்வளவும் பாழ், தன் பெயரும் போய்விடும் என்று கெஞ்சினார்.

"வீரப்பனை வரச் சொல்லு" என்றாள் பெரியம்மா.

வந்தார். வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்ன பிறகும் அங்கேயே நின்றார். கிணற்றிலிருந்து குழாய் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கிணற்றில் ஊற்று குறைந்துவிட்டது, இருப்பது தெருப் பெண்களின் குடத்துக்கே காணாது என்று பெரியம்மா சொன்னாள். அது நிஜம்.

"தொட்டில இருக்கு. நான் தெனமும் விழுந்து குளிக்கிற தண்ணி. வேணும்னா அதை எடுத்துக்க வீரப்பா."

அவரை அப்படிப் பெயர் சொல்லி அழைக்க எங்கள் சேரியில் எவருக்கும் தைரியம் இருந்ததில்லை. அவர் யோசித்துச் சொல்வதாக முனகிவிட்டுப் போனார். மத்தியானம் முழுவதும் வெயில் தளத்தைக் காய்ச்சியது. ஈரச் சாக்காவது போடுங்கள் என்று மேஸ்திரி கத்துவது எங்களுக்குக் கேட்டது. மூன்று மணிக்கு வீரப்பன் மறுபடி வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்து நின்றார்.

"எடுத்துக்கிறேன் நர்சம்மா."

"ஒங்க அப்பா ரெண்டு நாள் கமலை போட்டு எறைக்க வச்சது தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். தலை நிமிரவில்லை.

"சரி. காலைல நான் குளிச்சு முடிச்சப்பறம்தான் மோட்டாரு போடணும். ஒருநா மாறினாலும் கொழாயைப் புடுங்கிருவேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் போனதும் கத்தினேன். அப்பன் இறைத்துக் கொட்டினான், இப்போது மகனும் வந்து இறைக்கிறான், இதற்கா எட்டடி தோண்டினாய் என்று கேட்டேன். மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தொட்டி காலியானால் அவள் மறுபடி என்றைக்குக் குதிப்பது?

பெரியம்மா துவைத்த டிரவுசரைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். "அன்னைக்குப் பாதைல கொட்டுனாங்க. இன்னைக்குத் தலைக்கு மேல ஊத்திக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணாடி?" என்றாள்.

பதினாலு நாளும் விடியற்காலையில் அவள் குதித்தாள். சாரத்தில் ஆட்கள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் ஏறி வருவதற்காகக் காத்திருந்தார்கள். வீரப்பனும் ஒரு ஓரத்தில் நிற்பார். அவள் அவசரப்பட மாட்டாள். நாலு சுற்று நீந்தி, தலையைத் துவட்டி, நிதானமாக மேலே வந்த பிறகு மோட்டார் ஓடும். தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. ஆறடி ஆனதும் குதிப்பதை விட்டுவிட்டு இறங்கி நீந்தினாள். கடைசி நாள் ஆழமான பக்கத்தில் இடுப்பளவுதான் இருந்தது. அதில் கழுத்து வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள். அதன் பிறகு ஐப்பசி வரை தொட்டி காய்ந்து கிடந்தது. அவள் அதற்காக வருந்தி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

தை மாதம் வீரப்பன் வீட்டுப் புதுமனை புகுவிழா. பத்திரிகையை அவர் மனைவி சண்முகவள்ளி நேரில் வந்து கொடுத்தார். போக வேண்டுமா என்று கேட்டேன். பெரியம்மா பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சண்முகவள்ளி சர்பத்தைக் கொடுத்துவிட்டு, ஐப்பசி மழை அப்படி அடித்தும் தளத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். ஊர்க்காரர்கள் காதில் விழுந்ததா என்று வீரப்பன் சட்டென்று வாசல் பக்கம் பார்த்தார்.

பெரியம்மா அண்ணாந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த தளத்தைச் சாவகாசமாக ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தாள். பிறகு வீரப்பனைப் பார்த்தாள்.

"எறங்காது தாயி" என்றாள். "நான் குளிச்சது பூராத்தையும் குடிச்சிருக்குல்ல. இனி இதை எவன் எறைச்சுக் கொட்டுறது?"