கடவுளுக்கு யோசனை சொன்ன தெபோராள்

பழவேற்காட்டு ஏரிக்கரையில், உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர் கோட்டைக்கு வடக்கே இருந்த மீனவக் குப்பத்தில், தெபோராளைப் போல ஜெபம் செய்ய யாராலும் முடியாது. கேட்பதோடு அவள் நிறுத்த மாட்டாள். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்றும் ஆண்டவருக்குச் சொல்லிவிடுவாள். மழை வேண்டுமானால், கருவாடு காய்ந்து முடிந்த பிறகு பெய்யட்டும் என்பாள். காய்ச்சல் போக வேண்டுமானால், வியர்த்துப் போகட்டும், பேதியாகிப் போக வேண்டாம் என்பாள். ஏரியையும் கடலையும் உண்டாக்கினவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று அவளுக்கே சில நேரம் வெட்கமாக இருக்கும். இருந்தாலும் சொல்லி வைப்பாள்.

அந்தக் குப்பத்தில் ஞானஸ்நானம் பெற்றது அவர்கள் வீடு ஒன்றுதான். அதற்கு முன் அவள் பெயர் ருக்கு. சடங்கை வேடிக்கை பார்க்க வந்தவர்களில் அவள் கொழுந்தன் வரதனும் இருந்தான்.

"பேரை மாத்திக்கினா வலையில மீனு ஜாஸ்தியா விழுமா அண்ணி?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

தெபோராளுக்குச் சுருக்கென்றது. வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் வாயிலிருந்து அன்றைக்குத்தான் பொறுக்கிய சொல் ஒன்று கையில் இருந்தது. "அந்தகாரத்தின் பிள்ளையே, அப்பாலே போ!" என்று ஊர் நடுவே கத்திவிட்டாள். அந்தகாரம் என்றால் இன்னதென்று அவளுக்கும் சரியாகத் தெரியாது. கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

ஐப்பசியில் இறால் இறங்கும். முகத்துவாரத்துக்குப் போகும் கால்வாயில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு தவறினால் அந்த வீட்டுக்கு மறுபடி முறை வருவதற்குள் இறாலில் பெரும்பகுதி கடலுக்குப் போய்விடும். அப்புறம் மழைக்காலம் முழுக்கப் பட்டினிதான்.

நாளைக்குத் தங்கள் பாடு என்றிருந்தபோது, தெபோராளின் புருஷன் சாலமன் சேற்றில் திருக்கை மீனை மிதித்துவிட்டான். முள் பாதத்தில் ஏறி, முழங்கால் வரை வீங்கிக் கிடந்தான். ஒருவன் முறையில் வேறு ஆள் வலை கட்டக் கூடாது. கூடப் பிறந்தவன் மட்டும் கட்டலாம். சாலமனுக்குக் கூடப் பிறந்தவன் வரதன் ஒருவனே.

தெபோராள் முழங்கால் போட்டாள். "ஆண்டவரே, காலையில வீக்கம் வத்திடணும். இல்லேன்னா ஊர்க்காரங்க மனசை மாத்தி வேற யாரையாச்சும் விடச் சொல்லும். அதுவும் முடியலேன்னா காத்தைத் திருப்பி, இன்னைக்கு யாரும் வலை கட்ட முடியாம பண்ணி, எங்க பாட்டைத் தள்ளி வையும். எது செஞ்சாலும் சரி, வரதன் மட்டும் வேணாம்."

விடிந்தது. வீக்கம் தொடை வரை ஏறியிருந்தது. காற்று நேற்று அடித்த பக்கமே அடித்தது. அடுத்த வீட்டுக் கோவிந்தம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னா ருக்கு, உன் சாமி இன்னா சொல்றாரு?"

"பாத்துக்குவாரு."

"பாத்துக்கினேதான் இருக்காரா?"

தெபோராள் கஞ்சியைக் கிண்டினாள். அடிப்பிடித்துவிட்டது.

பொழுது உச்சிக்கு வந்தபோது வேலிப் படலுக்கு வெளியே வரதன் நின்றான். ஒரு கையில் பச்சிலை, தோளில் வலை கட்டும் கழி. முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று அவள் நின்று பார்க்கவில்லை.

"அண்ணனுக்கு எப்டி கீது?"

"எங்க ஆண்டவர் பாத்துக்குவாரு. நீ போய் உன் வேலையப் பாரு."

வரதன் பச்சிலையைப் படலில் செருகிவிட்டுத் திரும்பி நடந்தான்.

"யாரு அது?" என்று உள்ளேயிருந்து சாலமன் கேட்டான்.

"யாருமில்ல."

"கொரலு வரதன் மாதிரி இருந்துச்சே."

"அவன்தான். பச்சிலை குடுத்துட்டுப் போறான்."

"கழி எடுத்துக்கினு வந்தானா?"

தெபோராள் அடுப்பை ஊதினாள்.

"நல்லா கீதுமே உன் ஜெபம்," என்றான் சாலமன், வலியில் பல்லைக் கடித்தபடி. "ராத்திரியெல்லாம் வழி காட்டு, வழி காட்டுன்னு கேட்டுட்டு, வந்தவனை வாசலோட தொரத்திக்கினு நிக்கிற."

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, ஆண்டவர் அனுப்பியதை அவர் பெயரைச் சொல்லியே திருப்பி அனுப்பியது புரிந்து, அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கரையில் நடந்தால் ஊர் பார்க்கும் என்று சேற்றில் குறுக்கே இறங்கினாள். சேறு முழங்காலைப் பிடித்துக்கொண்டது. மானத்தைக் காப்பாற்றப் போனவள், சேலையெல்லாம் சேறாகி, நண்டைத் துரத்தும் கொக்கைப் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்ததைக் குப்பம் முழுவதும் நின்று பார்த்தது.

"வரதா! நில்லு தம்பி!"

அவன் நின்றான். "இன்னா அண்ணி, திட்டுறதுக்கு மிச்சம் ஏதாச்சும் கீதா?"

வழி நெடுக அவள் கட்டி வைத்திருந்த பேச்சு எதுவும் நாக்கில் வரவில்லை. "எங்க பாட்டுக்கு நீ வலை கட்டணும்," என்றாள். "அன்னைக்கு உன்னை அப்டிச் சொன்னது தப்பு."

"அந்தகாரம்னா இன்னா அண்ணி? இத்தினி நாளா யாரைக் கேட்டாலும் தெரியலன்றாங்க."

"இருட்டாம். அப்புறமா உபதேசியாரைக் கேட்டுக்கினேன்."

வரதன் சிரித்துவிட்டான். "அவ்ளோதானா? நான் இன்னமோ பெரிசா நெனச்சிக்கினு கெடந்தேன்! வா, கரையில காயுற வலையோட அந்தத் தலைப்பைப் புடி."

பாரமான வலையை இருவரும் சுமந்துபோய்ப் படகில் போட்டார்கள். நீர் வடியத் தொடங்கியபோது அவன் கால்வாயில் கழி நட்டான். தெபோராள் கரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு இறால், எந்த அளவில் என்று ஆண்டவரிடம் சொல்ல நினைத்தாள். களைப்பில் ஒன்றும் ஓடவில்லை. "உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

கூடை வழிந்தது என்றால் பொய். ஆனால் மழைக்காலத்தைத் தள்ளப் போதும்.

வரதன் கூடையை வாசலில் இறக்கினான். "அண்ணன் கால் ஆற நாளாகும் போல. இன்னொரு வாட்டி பாடு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது அவள் வாய் வரை வந்தது.

"நீதான் வரணும் தம்பி," என்றாள். "இப்பவே கேட்டு வச்சிக்கிறேன்."