கருப்பாகிப்போன கத்தி உறை

இன்று காலை எங்கள் ஊர் மூவார் சந்தையில் நின்றபடியே மங்குஸ்தான் உரித்துத் தின்றேன். விரலெல்லாம் கறை. சோப்புப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. மாட்டுத் தோலையே நிறம் மாற்றிய சாறு அது, எனக்குத் தெரியாதா.

குமரியாக இருந்தபோது இங்கே ஒரு சோபா தொழிற்சாலையில் தோல் தைத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு எதிரே வாழையிலைக் கடையில். அங்கே சமையல்காரராக இருந்த மணியத்துக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அன்று தன் கத்தியைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். சோற்றை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர்மேல் எனக்கு ஆசை, அவருக்கு அது தெரியாது. போகிறவரிடம் எப்படிச் சொல்வது?

"பேப்பரு கிழிஞ்சிடும் லா. குடுங்க, உறை தைச்சுத் தரேன்" என்றுதான் வாயில் வந்தது. பொட்டலத்தோடு கத்தியை எடுத்து வந்தேன்.

சோபாத் தோல் மெத்தென்றிருக்கும், கத்திக்கு ஆகாது. செருப்புத் தைக்கும் சீனரிடம் கெட்டித் தோல் வாங்கினேன். நனைத்து, கத்திமேல் அழுத்தி வடிவம் பிடித்து, கூர் பட்டு நூல் அறுந்துவிடாதபடி ஓரத்தில் ஒரு தோல் பட்டையை இடையில் வைத்துத் தைத்தேன். அதுவரை சரி. குங்கும நிறத்தில் சாயம் ஏற்ற நினைத்ததுதான் வினை. மங்குஸ்தான் தோலை அம்மாவின் இரும்புக் குவாலிச் சட்டியில் போட்டுக் காய்ச்சி, ஆறியதும் உறையை முக்கினேன். இரும்பு பட்டால் அந்தச் சாறு கறுக்கும் என்று யார் கண்டது? உறை அடுப்புக்கரியாய் வெளியே வந்தது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊருக்குப் போற மனுசனுக்குக் கருப்பா குடுப்ப? அதுக்குச் சும்மாவே இருக்கலாம்." குவாலி பாழானதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாளே பஸ். வேறு தைக்க நேரமில்லை. பஸ் நிலையத்தில் உறையோடு கத்தியைப் பெஞ்சில் வைத்தேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் எங்கள் வீட்டில். இதில் கருப்பு வேறு. அவர் கருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார்.

"கையில குடுங்க."

"சண்டை வரும்."

"வரட்டுமே. சண்டை போடவாச்சும் நான் திரும்பி வரணும்ல."

வந்தார். வாராவாரம் வந்தார், பிறகு தாலியோடு வந்தார். உப்புக்கும் புளிக்கும் நாங்கள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவையே அணைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அவர் காலமான பிறகு வீடு அமைதியாகிவிட்டது. பிள்ளைகள் தங்கமானவர்கள், எதைச் சொன்னாலும் சரிம்மா என்கிறார்கள். எனக்கு இந்த அமைதி பிடிக்கவே இல்லை. குழம்பில் உப்புக் கூடினாலும் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.