பாத்தியடியில் வீசிய பழங்கள்

பூச்சி ஆய்வாளர் கஜேந்திரன் பொலித்தீன் கூடாரத்துக்குள் முதன்முதலாகக் காலை வைத்தபோது, ஜீவராணி ஒரு ஸ்ட்ராபெரியைப் பிட்டு உள்ளங்கையில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். நல்ல சிவப்புப் பழம். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது.

“பூச்சி பாக்க வந்த தம்பி நீங்கதானா? கொஞ்சம் நேரத்தோட வந்திருக்கக் கூடாதா? இதுகளுக்குப் பேரன் பேத்தியே பொறந்திருச்சு!”

ஜீவராணிக்கு நாற்பத்தொன்பது வயது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பண்டாரவளை வியாபாரி மர்ஸூக் வெலிமடைப் பாதையில் ஸ்ட்ராபெரி போட்டபோது, தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூட ஐந்து பெண்களையும் கூட்டி வந்தார். அவர்கள் பறித்த பெட்டிகளைப் பார்த்து ஹோட்டலுக்கு அனுப்பும் பொறுப்பு அவருடையது. “கை சுத்தம்னா ஜீவராணிதான்” என்று கங்காணியே சொன்ன பேர் அவருக்கு உண்டு.

இப்போது ஹோட்டல்காரர்கள் இரண்டு முறை பெட்டிகளைத் திருப்பிவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் புழு நிற்காவிட்டால் கூடாரத்தைக் கழற்றிவிட்டு லீக்ஸ் மரக்கறி நடப்போவதாக மர்ஸூக் சொல்லிவிட்டார். லீக்ஸுக்கு ஆறு பெண்கள் தேவையில்லை. பழைய தோட்டத்திலோ வெட்டிய பேரைத் திரும்பப் போடமாட்டார்கள்.

“எந்த ஊர் தம்பி?”

“லுணுகலைப் பக்கம். தோட்டத்து லயத்துலதாங்க பொறந்தேன்.”

“அப்ப உங்கம்மாவும் கூடை தூக்கினவங்கதான்.”

“இன்னைக்கும் தூக்குறாங்க, அக்கா. நான் பட்டம் வாங்குன அன்னைக்கு மட்டும் லீவு போட்டாங்க.”

அதற்குப் பிறகு ஜீவராணி அவரைத் திட்டவில்லை.

கஜேந்திரன் வலைக்கூடு ஒன்றில் ஐந்து தட்டுகளை வைத்தார். தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் காய்க்கும் காட்டு முள்ளுப்பழம் ஒன்றில். மற்ற நான்கில் வெள்ளைக் காய், அரைச்சிவப்பு, முழுச்சிவப்பு, கனிந்து குழைந்த ஸ்ட்ராபெரி. பிடித்து வைத்திருந்த ஈக்களை உள்ளே விட்டார்.

“என்ன தம்பி, ஈக்குப் பந்தி போடுறீங்க?”

“எதுல முதல்ல உக்காருதுன்னு பாப்போம். இது வெளிய இருந்து வந்த ஈ. நம்ம ஊரு ஈ அழுகினதைத் தேடிப் போகும். இது செடியில நிக்கிற நல்ல பழத்தையே கீறி முட்டை வைக்கும்.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரின்னு சொல்லுங்க.”

முள்ளுப்பழத்தில்தான் முதலில் மொய்த்தன. பிறகு முழுச்சிவப்பிலும் குழைந்ததிலும். வெள்ளைக் காயை ஒன்றுகூட சீந்தவில்லை. நாலைந்து நாளில் குழைந்த பழத்தட்டு முழுக்கப் புழு நெளிந்தது. முள்ளுப்பழம் முடிந்ததும் ஈ உள்ளே வருகிறது என்று கஜேந்திரன் சொல்ல, பெண்கள் கான் ஓரத்து முள்ளை அடியோடு வெட்டினார்கள். ஒரு வாரம் கழிந்தும் ஈ குறையவில்லை.

“முள்ளும் இல்ல. பழுத்ததை அன்னன்னைக்கே பறிச்சிர்றீங்க. பின்ன எங்கதான் வளருது?” கஜேந்திரன் கூடாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜீவராணி பறித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். விரல் பட்டதும் ஒரு பழம் குழைந்தது. கை தானாக அதைப் பாத்தியடியில் வீசியது. விழுந்த இடத்தைப் பார்த்தவர் குனிந்து இலைகளை விலக்கினார். வரிசை நெடுக அப்படி வீசிய பழங்கள். எல்லாம் புழு நெளிந்த அந்த ஐந்தாவது தட்டு.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையில் முத்தல் இலை இருந்தால் கணக்கப்பிள்ளை நிறையைக் கழிப்பார். அதனால் முத்தலைச் செடியடியிலேயே வீசிவிட வேண்டும். மக்கித் தேயிலைக்கு உரமாகும். முப்பது வருடத்துச் சுத்தம் அது. ஐந்து பெண்களுக்கும் அதையேதான் இங்கே பழக்கியிருந்தார்.

கஜேந்திரன் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்தால் பழி முள்ளுச்செடியோடு போய்விடும். ஆனால் புழு போகாது. மாதம் முடிந்தால் மற்ற ஐந்து பேரும் தெருவில் நிற்பார்கள். மத்தியானம் மர்ஸூக் வேனில் வந்து இறங்கியதும் ஜீவராணி முன்னே போனார்.

“மொதலாளி, புழுவை வளத்தது நான்தான்.” பாத்தியை விலக்கிக் காட்டினார்.

மர்ஸூக் தலையில் கை வைத்தார். “அட அல்லாஹ்! ஒங்க கை சுத்தம்னு ஹோட்டல்காரன்கிட்ட நான்தானே அக்கா பெருமையடிச்சேன்!”

“கை சுத்தந்தான். கால்மாட்டைப் பாக்கல.”

“தேயிலையில அது சரியான பழக்கங்க,” என்றார் கஜேந்திரன். “வேலைக்கு எடுத்தப்ப யாரும் இவங்களுக்கு வேற சொல்லித் தரல.”

மர்ஸூக் அவரை முறைத்துவிட்டு, பாத்தியடியில் கிடந்த ஒரு பழத்தைச் செருப்பால் புரட்டினார்.

“சரி. அடுத்த காய்ப்பு வரைக்கும் பாப்பம். பெட்டி பாக்கிறதை றுஷ்தா பாக்கட்டும். நீங்க வாளியத் தூக்கி, விழுந்த பழத்தைப் பொறுக்குங்க.”

றுஷ்தா மர்ஸூக்கின் மருமகள்.  ஜீவராணி மூடி போட்ட வாளி ஒன்றைத் தேடிப் போனார்.

அடுத்த காய்ப்பும் வந்து போயிற்று. புழு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. ஹோட்டல்காரர்கள் இன்னும் திரும்ப வாங்கத் தொடங்கவில்லை. பழம் ஜாம் போடுகிறவர்களுக்குப் போகிறது. கூடாரம் நிற்கிறது, ஆறு பெண்களும் இருக்கிறார்கள். ஜீவராணி தினமும் குழைந்த பழங்களைப் பொறுக்கி, கறுப்புப் பொலித்தீனில் கட்டி, புழு வெந்து சாக வெயிலில் வைக்கிறார். பெட்டி பார்க்கும் வேலை இன்னும் றுஷ்தாவிடம்தான்.