தலையணைக்குள் ஒரு தொலைபேசி

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் மலேசியாவின் ஈப்போவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் பத்துப் பேருக்கு ஒரே கணினி. அதில் என் பக்கத்தில் உட்காரும் சீனத் தோழியின் அப்பா வானொலி பழுது பார்ப்பவர். யாரோ தூக்கிப்போட்ட ஒரு மோடம் பெட்டியை அவர் எங்களுக்குச் சரிசெய்து கொடுத்தார். தொலைபேசி ரிசீவரை அதன் இரண்டு ரப்பர் கிண்ணங்களில் அழுத்தி வைத்தால், நாம் தட்டும் எழுத்துகள் கீச்சுச் சத்தமாகிக் கம்பி வழியே போகும். மறுமுனையில் உள்ள கணினியின் திரையில் மறுபடி எழுத்தாகும்.

மறுமுனை தைப்பிங்கில் இருந்தது. அங்கே ஒரு பள்ளியில் மலாய்ப் பையன்களும் சீனப் பெண்களும் எங்களைப் போலவே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் மலாயில் அரட்டை அடிப்போம்.

இதை வீட்டில் சொன்னபோது பெரியப்பா மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது பெரிய அக்கா. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு, பட்டையைச் சீவிப் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனவள்.

"எங்கள மாதிரி மரம் வெட்டுற ஆளுங்களோட எல்லாம் அது பேசுமா லா?" என்றாள்.

கேலியாகத்தான் கேட்டாள். அவளையே தைப்பிங்கோடு பேச வைத்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன்.

தோட்டத்தில் தொலைபேசி இருந்த ஒரே இடம் ஆபீஸ். அங்கே தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் அதைக் கேட்டேன். "அது தொர போனு. வெளையாட்டுச் சாமானா?" என்று விரட்டினார். மறுநாள் பள்ளிச் சீருடையோடு நேராகத் தோட்ட நிர்வாகியான துரையிடமே போய் நின்றேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் தந்தார். தைப்பிங்கிலிருந்து அவர்களே அழைப்பதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு தோழியும் அவள் அப்பாவும் கழக ஆசிரியரின் அனுமதியோடு கணினியையும் பெட்டியையும் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அக்காவும் சேர்த்துத் தோட்டத்து இளவட்டங்கள் இருபது பேர் ஆபீசுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். கிராணி கையைக் கட்டிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்.

மணி அடித்தது. தோழி ரிசீவரைக் கிண்ணங்களில் அழுத்தினாள். திரையில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது: "சியாபா டி சானா?" அங்கே யார் என்று கேட்கிறார்கள். கூட்டம் ஓவென்று கத்தியது. உடனே திரை முழுக்கக் கிறுக்கல்.

"சத்தம் போடாதீங்க! நம்ம சத்தமும் உள்ள போயிடும்!" என்று கெஞ்சினேன். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எழுத்து திரும்பியது. அப்போதுதான் மழை பிடித்தது. தகரக் கூரையில் கல்லை வாரிக் கொட்டியது போல அடித்தது. திரையில் புள்ளியும் கோடும்தான் ஓடின.

"முடிஞ்சிச்சி லா. எல்லாரும் கெளம்புங்க" என்றார் கிராணி.

அக்கா வெளியே ஓடினாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே நினைத்தேன். லயத்து வீட்டிலிருந்து அவள் நனைந்தபடி திரும்பியபோது கையில் பிளாஸ்டிக்கில் சுற்றிய இரண்டு தலையணையும் ஒரு கம்பளியும் இருந்தன. பெட்டியையும் ரிசீவரையும் அவற்றுக்குள் புதைத்து, பிள்ளையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கிறுக்கல் நின்றது. "மழையா?" என்று தைப்பிங் கேட்டது.

"சொல்லு, மழதான்னு. நாளைக்கி மரம் நனைஞ்சிருக்கும், வேல இல்லன்னும் சொல்லு" என்றாள் அக்கா, அசையாமல். தட்டினேன்.

அங்கிருந்து ஒரு மலாய்ப் பையனின் பதில் வந்தது: "நீங்களும் மரம் வெட்டுவீர்களா? எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சிறு ரப்பர்த் தோட்டம் உண்டு. லீவில் நான்தான் வெட்டுவேன். எல்லாரையும்விட நானே வேகம்."

படித்துக் காட்டினேன். அக்கா நிமிர்ந்தாள். "நேர்ல வரச் சொல்லு. யாரு வேகம்னு பாத்துடலாம்."

அந்த அறை வெடித்துச் சிரித்தது. கம்பளி தாங்கியது, ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. கிராணி எப்போது உள்ளே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. "நம்ம தோட்டத்துல எத்தன மரம்னு கேப்பானுங்க, நான் சொல்றேன்" என்றார்.

பள்ளி விடுமுறையில் அவர்கள் பஸ் ஏறி வந்தே விட்டார்கள். விடிந்ததும் போட்டி நடந்தது. ஆளுக்கு ஒரு நிரை மரங்கள். மரத்தைக் காயப்படுத்தாமல் முதலில் முடிப்பவருக்கு வெற்றி. அந்த மலாய்ப் பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் கடைசி மூன்று மரங்களில் இருக்கும்போதே அக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் வெட்டிய பட்டையைத் தடவிப் பார்த்து, "காக்காக், கற்றுக்கொடுங்கள்" என்று மலாயில் கேட்டான். காக்காக் என்றால் அக்கா; அவனும் அப்படியே அழைத்தான். எங்கள் தோட்டத்து மண்டபத்தில் அன்று மூன்று இனப் பிள்ளைகளும் வாழையிலை போட்டு ஒன்றாய்ச் சாப்பிட்டோம்.

கழகத்தில் மாணவர்கள் மட்டுமே சேரலாம் என்பது விதி. அடுத்த சனிக்கிழமை தைப்பிங்கிலிருந்து வந்த முதல் வரியே, "மரம் வெட்டும் அக்கா எங்கே?" என்பதுதான். அதை அப்படியே கழக ஆசிரியரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "கூட்டிட்டு வா" என்றார்.

மறு வாரம் அவள் என்னோடு ஈப்போ பஸ்ஸில் வந்தாள். சீனத் தோழி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். அக்கா ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, தன் பெயரைத் தானே தட்டினாள். தைப்பிங்கிலிருந்து ஏழு பேர் வரிசையாக வணக்கம் சொன்னார்கள். அவள் ஏழு பேருக்கும் பதில் சொல்லி முடிக்கும்வரை வேறு யாரையும் விசைப்பலகையைத் தொட விடவில்லை.