டைல்ஸ்காரர் குடிவந்தார்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றுவார். அடுத்து, குனிந்து விரல்முட்டியால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார். சத்தம் கெட்டியாகக் கேட்டால் முகம் மலரும். பொத்தென்று கேட்டால், "உள்ள காத்து நிக்குது. ஆறு மாசம் தாங்கும்" என்று வீட்டுக்காரர் காதுபடவே சொல்லிவிடுவார். என் கூடத்தில் மூன்று இடத்தில் காற்று நிற்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டாரே என்று உள்ளே அழைத்திருந்தேன், அவ்வளவுதான்.

நான்காம் மாடியில் என் கதவுக்கு எதிர்க்கதவான வீட்டை இடித்துப் புதுப்பித்த இரண்டு மாதமும் டைல்ஸ் வேலை அவருடையது. நாற்பத்தாறு வயது. முட்டியில் ரப்பர் கவசம், காதில் பென்சில், இமைமயிரில்கூட வெள்ளைத் தூசு. எங்கள் கட்டடத்தில் மாடிக்கொரு மொழி. மூன்றாம் மாடித் தையற்காரர் பேசுவது இரண்டாம் மாடி நர்ஸுக்குப் புரியாது. இருவர் பேசுவதும் எனக்குப் புரியாது. டைல்ஸ்காரர் மட்டும் வந்த வாரத்திலேயே ஐந்து மொழியில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டார்: "மிதிக்காதீங்க, ஈரம்." அதற்கு மேல் எதிலும் ஒரு சொல் தெரியாது. தெருவில் பார்த்தாலும் நலம் விசாரிப்பதுபோல அதையே சொல்வார். தையற்காரரும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

எதிர்வீடு ஒரே அறைதான். ஒரு சுவரை ஒட்டிச் சமையல் மேடை, எதிர்ச்சுவரில் கட்டிலுக்கு இடம், மூலையில் குளியலறை, தெருவைப் பார்த்துப் பெரிய சன்னல். கடைசி வாரம் கவனித்தேன்: ஒரு நாள் வேலையை மனிதர் மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருந்தார். சும்மா சன்னலோரம் நிற்பார். கைகளை விரித்துச் சுவரிலிருந்து சுவருக்கு அளப்பார்.

பதினொரு வருடமாக அவர் அக்கா வீட்டில் இருந்தார். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் காணாமலே போயிருந்தது. அக்காவும் அத்தானும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கூடத்தில் எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் அவருடைய மடக்குக் கட்டில் விரியும்; முதல் ஆள் எழுவதற்குள் மடங்கிவிடும்.

வாடகைக்கு வீடு பார்க்க வரச்சொல்லி வீட்டுக்காரம்மா குறித்திருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் வரிசை. இருவரும் வங்கியில் வேலை என்று சொல்லிக்கொண்ட ஒரு இளஞ்சோடிதான் முன்னால் நின்றது. கடைசியில் தலைக்கு எண்ணெய் தடவி, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் ஒருவர். வீட்டுக்காரம்மாவுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. தூசு இல்லாத அந்த முகத்தை அந்த அம்மாள் பார்த்ததில்லையே! குளியலறைத் தரை புத்தம் புதுசு, வழுக்காது, தண்ணீர் தேங்காது என்று அவரிடமே விளக்கினார்கள். அவரும் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். இடையில், சரிவு எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்டார். திறந்திருந்த என் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில்தான் அந்த அம்மாளுக்கு ஏதோ உறைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"நீங்களா? உங்களுக்கு எதுக்குங்க இந்த வீடு?"

அவர் சிரிக்கவில்லை. "முன்னூறு வீட்டுக்காவது தரை போட்டிருப்பேம்மா. காஞ்சப்புறம் ஒரு தரையிலகூட நான் நடந்ததில்ல."

அந்த அம்மாள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். வங்கிச் சோடிக்கும் அதே பதில். அடுத்த இரண்டு நாள் டைல்ஸ்காரர் ஒரு நிலையில் இல்லை. பக்கத்துத் தெருவில் வேலை செய்த வீட்டில் ஒரு வரிசை முழுக்கப் பூப்போட்ட டைல்ஸைத் தலைகீழாக ஒட்டி, தன் கையாலேயே பெயர்த்தாராம். மூன்றாம் நாள் போன் வந்தபோது இரண்டு கையிலும் பசை. கூட வேலை செய்பவர் போனைக் காதோரம் பிடிக்க, முட்டி போட்டபடியே கேட்டிருக்கிறார். சாவியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்ன வீட்டுக்காரம்மா காரணத்தையும் ஒளிக்கவில்லை: நாளைக்கு ஒன்று பெயர்ந்தால் ஆள் தேடி அலைய வேண்டாமே. "என்ன காரணமா இருந்தா என்ன சார், சாவி சாவிதானே" என்று என்னிடம் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நாலு மாடியையும் ஓடியே ஏறியிருந்தார்.

அக்காவிடம் சொன்னதுதான் தாமதம், பேச்சே நின்றுவிட்டது. நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று அத்தானிடம் கேட்டு அழுதார்களாம். ஒரு வாரம் அவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்தோடு சரி. குடிபோகும் நாள் காலையிலும் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

அன்று பிற்பகல் அவருக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டிக்கொடுக்க நான் முக்காலியில் ஏறி நின்றேன். அவர் கீழே நின்று, இடது பக்கம் ஒரு நூல் இறங்கியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தையற்காரர் அனுப்பிய திரைச்சீலை, மஞ்சள் நிறம். அப்போது அழைப்புமணி அடித்தது. அந்த வீட்டில் அவருக்காக அடித்த முதல் மணி. வெளியே பாத்திரம் ஒன்று தரையில் இறங்கும் சத்தம், கூடவே, "எத்தனை மாடிப்பா இது" என்று மூச்சிரைக்க ஒரு பெண்குரல்.

"அக்கா" என்றார் உதட்டசைவில்.

ஒரே எட்டில் கதவை அடைந்து தாழ்ப்பாளில் கை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. மணி இரண்டாம் முறை அடித்தது. அது அடித்து முடியும்வரை கேட்டுவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தார்.