ரை நகரில் எங்களைப் பிரித்த இரண்டு பெயர்கள்

இங்கிலாந்தின் தென்கடற்கரைப் பக்கம் போக விரும்பி, மாண்ட்ரியலை ஒட்டிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் விவரம் கேட்டார்கள். 1974 ஜூலையில், நான் ஆசிரியையாக இருந்தபோது, பள்ளி விடுமுறையில் கணவர் நடராஜனுடன் மாண்ட்ரியலிலிருந்து லண்டன் போனேன். அப்போது பார்த்த பழைய சந்தை ஊர் ரை.

லண்டனிலிருந்து ஆஷ்ஃபர்ட் வரை ஒரு ரயில், அங்கே மாறினால் சிறிய வண்டி. மொத்தம் இரண்டு மணி நேரம். ஒரு காலத்தில் ஊரின் காலடிவரை இருந்த கடல் இப்போது மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கூழாங்கல் தெருக்கள் செங்குத்தானவை. தட்டையான செருப்பு அவசியம்.

மூன்று இரவுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்த விடுதியில், உரிமையாளர் அம்மாள் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். இருவர் தங்கும் அறை இல்லை என்றார்.

"நம்ம நிறத்தைப் பாத்துட்டா," என்றார் நடராஜன், தமிழில், புன்னகை மாறாமல். எனக்கும் அதே சந்தேகம். மாண்ட்ரியலில் வீடு தேடியபோது, இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம் என்று பல வாசல்களில் கேட்டவர்கள் நாங்கள். மறுநாள் வியாழன், சந்தை நாள். ஊரில் வேறு இடமும் இல்லை.

நேராகவே காரணம் கேட்டேன்.

"நீங்கள் சுந்தரம். அவர் கோபாலன். இது கௌரவமான வீடு," என்றார் அந்த அம்மாள்.

வகுப்பில் சொல்வதுபோல விளக்கினேன். சுந்தரம் என் அப்பா, கோபாலன் நடராஜனுடைய அப்பா. உதாரணத்துக்கு, எங்களுக்கு மகள் பிறந்தால் அவள் பெயரோடு நடராஜன் சேரும். ஒரே வீட்டில் மூன்று பெயரா என்று அந்த அம்மாளின் சந்தேகம் இன்னும் கூடியது. தாலியைக் காட்டினேன். சங்கிலி அழகாக இருக்கிறது என்றார்.

எனக்கு மாடியில் ஓர் அறை. நடராஜனுக்குக் கீழே, அந்த அம்மாளின் அறைக்குப் பக்கத்தில். "ஹாஸ்டல் வார்டன் கெட்டா போ," என்றார் நடராஜன். விடிந்ததும் லண்டனுக்கே திரும்பிவிடலாம் என்பதில் உறுதியாக இருந்தார். எனக்கோ சந்தையைப் பார்க்காமல் போக மனமில்லை.

காலை உணவு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்; அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார். நான் முட்டை சாப்பிடுவதில்லை. வழக்கம்போல அவர் தட்டில் தள்ளினேன். அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் தக்காளியை என் தட்டில் வைத்தார். டீ ஊற்ற வந்த அம்மாள் இதைப் பார்த்தபடி நின்றார். பெரிய அறை ஒன்று இருக்கிறது, பெட்டிகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

"நேத்து அந்த ரூம் எங்க போச்சாம்?" என்றார் நடராஜன். காரணம் பெயரா, நிறமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் தங்கினோம். சந்தைக்குக் காலையிலேயே போங்கள். மதியத்துக்குள் கடைகளைக் கட்டிவிடுகிறார்கள். கணவன் மனைவிக்குப் பாஸ்போர்ட்டில் வேறு வேறு பெயர் இருந்தால், திருமணச் சான்றையும் எடுத்துப் போங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "மறுபடி வாருங்கள், மிஸஸ் கோபாலன்," என்றார். கோபாலன் என் மாமனார். திருத்த வாய் திறந்தேன்.

"விடு ராஜி," என்றார் நடராஜன். "மறுபடி பாடம் எடுத்தா ரயில் போயிடும்."