மரக்கறிச் சட்டியில் கம்பளி

என் மனைவி வெங்காயத் தோல் சேர்க்கத் தொடங்கியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். லூயிஷாம் நூலகத்தில் கூடியிருந்து கம்பளி பின்னும் பெண்களிடம் அவள் அந்த வித்தையைக் கற்றுவந்திருந்தாள். வெங்காயத் தோலை அவித்த நீரில் கம்பளி நூலுக்குப் பொன்னிறம் ஏறுமாம். மகளுக்கு முதற்பிள்ளை பிறக்கவிருந்தது. தான் சாயமிட்டுப் பின்னிய சுவெட்டரோடுதான் பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். பனிக்காலம் முழுவதும் தெரிந்த வீடுகளிலெல்லாம் தோல் கேட்டு வாங்கினாள்.

நான் ஊரில் இரசாயனம் படிப்பித்தவன். லண்டனில் மாணவர்கள் இல்லாததால் அவள் ஒருத்தியே என் வகுப்பு.

"சாயம் போடுறது எண்டால் இரசாயனம். அது எனக்குத் தெரிஞ்ச விசயம்."

"ஓம், எல்லாம் தெரியும். தேத்தண்ணி போடத்தான் தெரியாது."

அது சுட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, மகளுக்காக அர்ச்சனை செய்ய அவள் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போன நேரம், நானே காரியத்தில் இறங்கினேன். தோல் முழுவதையும் அவித்து, அவள் வாங்கி வைத்திருந்த நூல் முழுவதையும் அதில் இட்டேன். வெப்பம் கூடினால் வினை விரைவாகும் என்று தலைமுறைகளுக்குப் போதித்தவன் அல்லவா, அடுப்பை உச்சத்தில் வைத்துப் பொங்கல் கிண்டுவதுபோலக் கிண்டினேன். பிறகு குளிர்ந்த குழாய்நீரில் பிடித்தேன். நிறம் அபாரம். நூல்தான் இல்லை. ஒரே கட்டியாக இறுகி, சப்பாத்துக்குள் பாதத்துக்கு வைக்கும் அட்டைபோல இருந்தது.

திருநீற்றோடு வந்தவள் முதலில் சட்டியைத்தான் பார்த்தாள். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் படாமல் தனியாக வைத்திருந்த சட்டி அது.

"இஞ்சருங்கோ, மரக்கறிச் சட்டியிலயோ ஆட்டு மயிர் அவிச்சனீங்கள்? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"கம்பளி இறைச்சி இல்லையப்பா. எங்கட நகம் மாதிரி அது ஒரு புரதம்."

"அப்ப நாளைக்கு நகத்தையும் வெட்டிப் போட்டு அவியுங்கோ."

பிறகுதான் கம்பளியைக் கையில் எடுத்தாள். நுனி தேடி இழுத்தாள். ஓர் இழைகூடப் பிரியவில்லை. அதற்குப் பிறகு பகிடி இல்லை.

"என்ன நடந்தது?"

கொதியும் கிண்டலும் சேர்ந்தால் கம்பளி இறுகிவிடும், பிறகு பிரிக்கவே ஏலாது என்பது அதைக் கண்டதுமே எனக்கு விளங்கியிருந்தது. சொல்லியிருக்கலாம்.

"வூல் சரியில்லை. நீர் மலிவா வாங்கியிருக்கிறீர்" என்றேன்.

என் பேச்சு எதையும் எளிதில் நம்பாதவள் அதை நம்பினாள். சந்தையில் வாங்கிய தன்னையே நொந்துகொண்டாள். மறுபடி தோல் சேர்க்க நாளில்லை. பேரப்பிள்ளை கடைச் சுவெட்டரோடு வீட்டுக்கு வந்தது.

"அப்பா கெமிஸ்ட்ரி மாஸ்டர். வீட்டில அவர் இருந்தும் ஏனம்மா சரிவரேல்லை?" என்று மகள் கேட்டாள்.

"அப்பா சரியாத்தான் செய்தவர் பிள்ளை. நான் வாங்கின வூல்தான் சரியில்லை."

நான் தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நல்ல கம்பளியைப் பார்த்து வாங்குவது எப்படி என்று, அவளுக்கு மகள் முன்னாலேயே விளக்கமும் சொன்னேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கவனமாகக் கேட்டாள்.